சுவரோரத்து இடம்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

எங்கள் கோயில் நாற்பது வருஷமாக என் அம்மாவிடம் அரிசி திருடுகிறது.

ஊரில் யாரும் இதைத் திருட்டு என்று சொல்வதில்லை. பிடி அரிசி என்பார்கள். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். அது ஆண்டவருடைய பங்கு. மாதக் கடைசியில் பெண்கள் சங்கத்தார் சாக்கோடு வந்து வாங்கிப் போவார்கள். தயவுபுரத்தில் நூற்றெண்பது வீடு. ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழும். பிறகு அதைப் பத்து ஏழைக் குடும்பங்களுக்குப் பங்கு வைப்பார்கள். அப்பா செத்ததிலிருந்து நாங்களும் அந்தப் பத்தில் ஒன்று. அந்த அரிசி ஒரு நாளும் ஒன்றுபோல வேகாது. பாதி கூழாகும், பாதி கடிபடும். வீட்டுக்குள் நுழைந்து ஒரு வாய் சாப்பிட்டாலே தெரிந்துவிடும், இது தர்மச் சோறு என்று. அம்மா அதிலிருந்தும் முதல் பிடியை எடுத்து ஆண்டவர் பானையில் போடுகிறாள்.

இன்று ஆராதனை முடிந்ததும் குருவானவர், ஊரில் ஐயர் என்றுதான் சொல்வோம், இளைஞர்களுக்கு ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். கொடுப்பதும் ஜெபம் மாதிரி ஒரு பழக்கமாம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் அன்றன்று என்ன கொடுத்தோம் என்று எழுத வேண்டுமாம். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

எப்சிபா. வயது இருபத்தைந்து. பி.காம். பஜாரில் ஜெராக்ஸ் கடையில் அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பும் வேலை.

இன்று கொடுத்தது: பஸ்ஸில் ஒரு கிழவருக்கு இடம். அவர் கேட்ட பிறகு.

பிப்ரவரி 24

அம்மாவைப் பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. கர்ப்பப்பையில் வந்தது இப்போது எலும்பு வரை போய்விட்டது. இனி வலிக்கு மட்டும் மாத்திரை. அம்மாவுக்கு இது தெரியும். தெரிந்தும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அரிசிப் பானையைத் திறந்து பார்க்கிறாள்.

"ஏட்டி, நேத்து ராத்திரி பிடி எடுத்தியா?"

"எடுத்தேன்."

எடுக்கவில்லை.

இன்று கொடுத்தது: ஒன்றுமில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

கோயிலில் தீர்மானச் சீட்டுக் கொடுத்தார்கள். இந்த லெந்தில் ஆண்டவருக்கு எதைக் கொடுப்போம் என்று எழுதிக் காணிக்கைப் பெட்டியில் போட வேண்டும். குருத்தோலை ஞாயிறு அன்று சபையில் வாசிப்பார்கள். சென்ற வருஷம் ஒருவர் வெற்றிலையை விட்டார். கமிட்டிச் செயலாளர் பொன்னுத்துரை அண்ணாச்சி ஆறு மின்விசிறி கொடுத்தார். ஒவ்வொன்றின் இறக்கையிலும் அவர் அம்மா வேதமுத்தம்மாளின் பேர். பிரசங்கம் நீண்டால் அந்தப் பேர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் கொண்டுவந்து கொடுத்த சீட்டை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"என்ன எழுத?"

"எங்கிட்ட உள்ளதுல எது வேணுமோ அத எடுத்துக்கிடட்டும்னு எழுது."

"அப்படியெல்லாம் எழுத முடியாது. பொருளச் சொல்லு. கோழியா, அரிசியா?"

"கோழி எங்கட்டி இருக்கு? நான் சொன்னத எழுது. எதுன்னு நான் சொன்னா அது என் இஷ்டம். அவரு சொன்னாத்தான அது குடுக்குறது."

சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். "எனக்கு உள்ளதில் எதைக் கேட்டாலும் மனப்பூர்வமாகக் கொடுப்பேன். இப்படிக்கு, ஞானப்பூ." மனப்பூர்வமாக என்பது நான் சேர்த்தது. விண்ணப்பம் நிரப்பிப் பழகிய கை. எங்களிடம் என்ன இருக்கிறது, எவன் வந்து கேட்கப் போகிறான்?

மார்ச் 2

எங்களிடம் ஒன்று இருக்கிறது. அதை நான் மறந்துபோனேன்.

அப்பா முப்பத்தொரு வருஷம் கோயில் மணி அடித்தார், குழி வெட்டினார். ஊரில் யார் செத்தாலும் கடப்பாரையோடு முதலில் போவது அப்பா. ஆனால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள்ளே கீழத்தெருக்காரர்கள் யாரும் கிடையாது. எங்கள் தெருவில் செத்தால் ஊருக்கு வெளியே கல்லுக்கிடங்கு. கல் வெட்டி எடுத்த பள்ளத்தின் கரை, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். எல்லாரும் ஒரே பாத்திரத்தில்தான் நற்கருணை வாங்குகிறோம். மண்ணுக்குள் போகும்போது மட்டும் தெரு பார்க்கிறார்கள்.

ஆறு வருஷம் முன்னால் அப்பா செத்தபோது அப்போதிருந்த ஐயர் பிடிவாதமாக நின்றார். இவன் வெட்டாத குழி இந்தத் தோட்டத்தில் இல்லை, இவனை வெளியே போடமாட்டேன் என்றார். தெற்குச் சுவரோரம் அப்பாவுக்கு ஓர் இடம், அதை ஒட்டி அம்மாவுக்கு ஓர் இடம். கமிட்டி நோட்டில் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அதன்பிறகு தோட்டம் நிறைந்துவிட்டது. இப்போது யாருக்கும் புது இடம் கிடையாது.

அம்மா கேட்டு நான் பார்த்த ஒரே பொருள் அதுதான். சேலை கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசி முடித்ததும் அவள் சொன்னது: "சரி, ஒங்கப்பா பக்கத்துல எடம் இருக்கு."

இன்று கொடுத்தது: அம்மாவுக்கு முதுகு தேய்த்தேன். பாதியில் போன் வந்தது.

மார்ச் 8

பொன்னுத்துரை அண்ணாச்சி கடைக்கு வந்தார். ஆதார் நகல் இரண்டு. அவர்தான் கோயில் பள்ளிக்கூடத்துக்கும் தாளாளர்.

"பள்ளிக்கூட ஆபீஸ்ல ஒரு எடம் காலியாவுது எப்சி. நீ பி.காம்லா? ஒரு விண்ணப்பம் எழுதிக் குடு."

"சரி அண்ணாச்சி."

"அம்மா எப்படி இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு."

"எங்கம்மாவும் ரெண்டு நாளா ஆகாரம் எடுக்கல. வயசு எண்பத்தொம்பது." நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சுவரோரத்துல அந்த எடம் இன்னும் ஒங்க பேர்லதான இருக்கு?"

ஆமாம் என்றேன்.

சாயங்காலமே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வருஷமாக அடுத்தவர்களுக்கு நிரப்பியாயிற்று.

மார்ச் 10, வெள்ளி

காலை ஆறு மணிக்கு மணி அடித்தது. வேதமுத்தம்மாள். பதினொரு மணிக்கு ஐயர், பொன்னுத்துரை அண்ணாச்சி, பெண்கள் சங்கத்து லீலா டீச்சர் மூன்று பேரும் எங்கள் வீட்டில். சாவு வீட்டுக்காரர் பிணத்தை விட்டுவிட்டுக் கீழத்தெருவுக்கு வருவதை நான் இன்றுதான் பார்த்தேன்.

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படுத்துக்க ஞானப்பூ, படுத்துக்க," என்றார் ஐயர். நாற்காலி ஒன்றுதான். அதில் அண்ணாச்சி உட்கார்ந்தார். ஐயர் நின்றார்.

லீலா டீச்சர்தான் ஆரம்பித்தாள். அண்ணாச்சியின் அப்பா கல்லறை தென்மூலையில், அதற்கு இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் எங்கள் சுவரோரத்து இடம். அவர் அம்மாவை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது? ஐயர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். என் கையெழுத்து. குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது வழக்கம். யார் திறந்தது என்று நான் கேட்கவில்லை.

"ஆண்டவர் கேக்கிறாருன்னுதான் நான் நினைக்கேன்மா," என்றார் ஐயர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேதமுத்துப் பெரியம்மைக்கா?" என்றாள் அம்மா. "நீங்க கேக்கணுமா அண்ணாச்சி? இவ பொறந்தப்ப வெந்நி வச்சது அவ்வோதான. எடுத்துக்கிடுங்க."

"எம்மா, அது நீ அப்பா பக்கத்துல..."

"ஒங்கப்பா எங்க போவப்போறாரு? எழுப்புத அன்னைக்கு எல்லாரும் எந்திரிக்கத்தான போறோம். எங்கயிருந்து எந்திரிச்சா என்ன?"

அவள் முகம் நன்றாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேலாக அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு எழுந்து வருகிறவள் மாதிரி இருந்தாள்.

"ஒனக்கு வேற எடம் கமிட்டி பாத்துக்கிடும்," என்றார் அண்ணாச்சி. "அது எம்பொறுப்பு."

"எழுதித் தாங்க," என்றேன்.

"எழுத்து வாங்க வந்தது நாங்க," என்றாள் லீலா டீச்சர். "நல்லா இருக்கே கதை. செத்த வீட்டுல வந்து நின்னு பேரம் பேசுத மாதிரி."

"செத்த வீடு அது. இது சாவப்போற வீடு. ரெண்டும் வேற டீச்சர்."

"ஏட்டி," என்றாள் அம்மா.

கடிதம் நான்தான் எழுதினேன். அண்ணாச்சி சொல்லச் சொல்ல. கமிட்டி நோட்டில் உள்ள என் இடத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன், எனக்கோ என் வாரிசுக்கோ இனி உரிமை இல்லை. அம்மா பெருவிரலை வைத்தாள். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூட வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மா சொன்ன பிறகு நான் தடுத்து என்ன ஆகும்?

இன்று கொடுத்தது:

மார்ச் 12, ஞாயிறு

பிரசங்கத்தில் அம்மாவின் பேர். கடைசி உடைமையையும் கொடுத்த சகோதரி. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு ஆறு வாழைப்பழம், ஹார்லிக்ஸ், ஒரு புதுப் போர்வை. அம்மா ஹார்லிக்ஸை அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். இதை என் கணக்கில் எழுதலாமா தெரியவில்லை.

மார்ச் 15

அம்மாவுக்கு ராத்திரி முழுக்க வலி. மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்பது அவள் உடம்புக்குத் தெரியவில்லை.

மார்ச் 21

அப்பாவைப் பார்க்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வேதமுத்தம்மாளுக்கு மேடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மார்பிள். சுற்றிலும் எவர்சில்வர் கம்பி. ஒரு கிழவி படுக்க இவ்வளவு வேண்டுமா என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், மேடை அப்பாவின் மேட்டின் மேல் ஏறியிருக்கிறது. அப்பாவின் மரச்சிலுவையைப் பிடுங்கி, தள்ளி நட்டிருக்கிறார்கள்.

இப்போது குழி வெட்டுகிற செல்லையா அண்ணன் அங்கே இருந்தார். அப்பாவிடம் தொழில் பழகியவர்.

"என்ன அண்ணே இது?"

"நான் சொன்னேன் பிள்ள. கொத்தன் கேட்டாத்தான? கம்பி நிக்க எடம் வேணும்னான்."

"எவ்வளவு ஏறியிருக்கு?"

சாணில் அளந்தார். "ஒன்றரை அடி இருக்கும்."

இதைப் பற்றி அண்ணாச்சியிடம் கேட்க வேண்டும். நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நேர்முகத் தேர்வு.

மார்ச் 24, வெள்ளி

நேர்முகத்தில் மூன்று கேள்வி. ஏப்ரல் பத்து, ஈஸ்டருக்கு மறுநாள் வந்து சேரச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்பதற்கு அது இடமில்லை.

அம்மாவிடம் ஆர்டரைக் காட்டினேன். தடவிப் பார்த்தாள். "பாத்தியா, குடுத்தா அவரு வச்சுக்கிட மாட்டாரு," என்றாள்.

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 29

அம்மாவுக்கு ஞாபகம் கலைகிறது. அரிசிப் பிடியைப் பற்றிக் கேட்பதில்லை. அப்பா மணி அடித்துவிட்டு வந்துவிட்டாரா என்கிறாள். மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய எங்க வைப்பாவ?" என்றாள்.

போர்வையை இழுத்துவிட்டேன்.

"ஒங்கப்பா பக்கத்துலதான?"

"ஆமா."

"சுவரோரத்துல."

"ஆமாம்மா. சுவரோரத்துல."

அப்படியே தூங்கிப்போனாள். சாயங்காலம் திரும்பவும் கேட்டாள். திரும்பவும் சொன்னேன். கொடுத்தது ஞாபகத்திலிருந்து போய்விட்டது. வேண்டும் என்றது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாகக் கொடுத்தவளுக்குள்ளே இது முழுசாக இருந்திருக்கிறது. ஐயரைக் கூட்டி வந்து இதைக் கேட்க வைக்க வேண்டும் என்று கிளம்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

இன்று கொடுத்தது: ஒரு பொய். மூன்று தடவை.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

நான் போகவில்லை. சபையில் சீட்டுகளை வாசித்தார்களாம். அம்மாவின் சீட்டைக் கடைசியாக வாசித்தார்களாம். பலர் அழுதார்களாம்.

ஏப்ரல் 3

அதிகாலை நாலே முக்காலுக்கு.

ஏப்ரல் 4

நேற்று அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கமிட்டி ஆபீஸுக்குப் போய், அம்மாவுக்குப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன இடம் எது என்று கேட்டேன். கல்லுக்கிடங்கு என்றார்கள். தோட்டம் நிறைந்துவிட்டது உனக்குத் தெரியாதா என்றார்கள்.

எனக்குத் தெரியும். அதனால் வேறொன்றைக் கேட்டேன். அஞ்சு வருஷம் தாண்டினால் அதே குடும்பத்தாரை அதே குழியில் வைக்கலாம் என்று கமிட்டி விதி இருக்கிறது. அப்பா செத்து ஆறு வருஷம். அப்பா குழியைத் திறந்து அவர் மேல் அம்மாவை வையுங்கள். புது இடமே வேண்டாம்.

விதி இருப்பதை ஐயர் ஒத்துக்கொண்டார். எல்லாரும் தோட்டத்துக்குப் போனோம். செல்லையா அண்ணன் கடப்பாரையை நட்டு அளந்தார்.

"மேடை ஒன்றரை அடி குழி மேல நிக்கி ஐயரே. அதை எடுத்தாத்தான் வெட்ட முடியும். எடுக்காம வெட்டினா மேடை சரிஞ்சிரும்."

ஐயர் பொன்னுத்துரை அண்ணாச்சியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒரு கல்லுதான்," என்றேன். "திரும்ப ஒட்டிக்கிடலாம். நான் காசு தாரேன்."

"அம்மா கல்லறைய உடைக்கவா சொல்லுத?" என்றார். சத்தமாகக்கூட இல்லை. உண்மையாகவே மனசு நொந்தவர் மாதிரி சொன்னார். நொந்துதான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

"எங்கப்பா கல்லறை மேல இருக்கிற கல்ல எடுக்கச் சொல்லுதேன்."

"வெயில் ஏறுதும்மா," என்றார் ஐயர். "ரொம்ப நேரம் வச்சிருக்கக் கூடாது. எல்லா மண்ணும் ஆண்டவர் மண்ணுதான்."

"அப்ப ஒங்களையும் கல்லுக்கிடங்குலதான வைப்பாவ ஐயரே?"

அவர் என் தோளில் கை வைக்க வந்தார். நகர்ந்துகொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கல்லுக்கிடங்கில் வைத்தோம். நாலடிக்குக் கீழே பாறை. செல்லையா அண்ணனால் அதற்கு மேல் வெட்ட முடியவில்லை. மேட்டைக் கொஞ்சம் உயர்த்திவிடலாம் என்றார். லீலா டீச்சர் எல்லாருக்கும் மோர் ஏற்பாடு செய்திருந்தாள். வந்தவர்கள் அம்மாவின் தாராள குணத்தைப் பற்றியே பேசினார்கள்.

ஏப்ரல் 5

வீட்டைக் கழுவினேன். ஆண்டவர் பானையில் அரைப்படி அரிசி இருந்தது. நாலு வகை அரிசி. கோழிக்குப் போடலாம் என்றால் கோழி இல்லை. சமைத்துச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி ஆராதனை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே மின்விசிறிச் சத்தம்.

ஏப்ரல் 8

பொன்னுத்துரை அண்ணாச்சி வீட்டு வாசல் வரை வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. ஒரு சாக்குப் பொன்னி இறக்கினார். கலப்பில்லாத அரிசி.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி."

"ஞானப்பூவுக்காக வாங்கிக்க. ஒங்கம்மா மனசு யாருக்கும் வராது. எங்கம்மா பேர்ல வருஷா வருஷம் ரெண்டு பிள்ளைக்குப் படிப்புச் செலவு தாரதா இருக்கேன். அதுல ஒண்ணுக்கு ஒங்கம்மா பேரப் போடலாம்னு ஐயர் சொல்லுதாவ."

"பேரு வேண்டாம். கல்ல எடுங்க."

அவர் தெருவை ஒரு தடவை பார்த்தார். "திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்துருவேல்லா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சாக்கு சாயங்காலம் வரை வாசலில் இருந்தது. எறும்பு பிடிக்கத் தொடங்கிவிட்டது. உள்ளே எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியலில் சபை முழுவதும் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்தில் கூடும். அவரவர் வீட்டுக் கல்லறையில் வத்தி ஏற்றிவிட்டு நடுவில் வந்து நிற்பார்கள். கீழத்தெருக்காரர்கள் அதற்குப் பிறகு கல்லுக்கிடங்குக்குப் போவார்கள். அங்கே ஐயர் வருவதில்லை. அவருக்கு உதவியாக உள்ள உபதேசியார் வருவார்.

அப்பாவுக்கு ஒரு வத்தி ஏற்றினேன். மார்பிள் மேடை முழுக்க வத்தி வைத்திருந்தார்கள். கம்பியில் பூச்சரம். அண்ணாச்சி புது வேட்டியில் நின்றார். அவர் பிள்ளைகள் மூன்று பேரும் மஸ்கட்டிலிருந்து வந்திருந்தார்கள்.

ஐயர் நன்றி சொல்லத் தொடங்கினார். இந்த லெந்தில் சபை கொடுத்ததற்கு. அரிசி, சேலை, ஒரு சகோதரியின் தியாகம்.

நான் நடுவுக்குப் போனேன். காற்றில் வத்தி அணைந்துவிட்டது. அது நல்லதுதான், யார் முகமும் சரியாகத் தெரியவில்லை.

"எங்கம்மா நீங்க கேட்டதக் குடுத்தா," என்றேன். "கேட்டு வந்தது ஆண்டவர்னு சொன்னீய. அவ நம்பினா. நானும் அந்தக் கடிதத்த எழுதினேன். வேலை கெடைக்கும்னு எழுதினேன். இப்ப நான் கேக்கேன். இந்தக் கல்லுல ஒன்றரை அடி எடுங்க. எங்கம்மாவக் கல்லுக்கிடங்குலயிருந்து கொண்டாந்து எங்கப்பா குழியில வைங்க. எந்தத் தேதின்னு மட்டும் இப்ப, எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க."

ஒரு குழந்தை இருமியது. அண்ணாச்சி மேடையில் சாய்ந்திருந்த ஒரு வத்தியை நிமிர்த்தி வைத்தார். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பாட்டின் எண்ணைச் சொன்னார். லீலா டீச்சர் குரல் எடுத்தாள். எல்லாரும் பாடினார்கள். கீழத்தெருக்காரர்களும் பாடினார்கள். நாலு சரணம். நான் அதே இடத்தில் நின்றேன்.

பாட்டு முடிந்ததும் திரும்பக் கேட்டேன்.

"எந்தத் தேதி அண்ணாச்சி?"